குரல் போன வருடத்துச் சாரல்

தென்காசி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டிய என் மாமாவின் குரல் பள்ளிக்கூடம் வரை கேட்கும் என்று நான் தோழிகளிடம் பெருமையடிப்பேன். "குத்தாலம், குத்தாலம், குத்தாலம்!" என்று அவர் கூப்பிட்டால், செங்கோட்டைக்குப் போகிறவர்கூட ஒரு நிமிடம் யோசிப்பார். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அவருக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

இரண்டு மாதம் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சாரல் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் காலை, யாரிடமும் ஜாடைகூடக் காட்டாமல் ஆட்டோவைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டாண்டில் ஆட்டோவின் தகரத்தை இரண்டு தட்டு தட்டுவார். ஆட்கள் திரும்பியதும் கையைத் தலைக்குமேல் தூக்கி, விரல்களை நடுங்கவிட்டு மளமளவென்று கீழே இறக்குவார். அருவி! சென்னைக்காரர்களுக்கும் புரிந்தது, மலையாளிகளுக்கும் புரிந்தது. சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் அந்த வழியாக வரும்போது தோழி ஒருத்தி அவரைப்போலவே கையை ஆட்டிக்காட்டி, "ஏட்டி, அது உங்க மாமாதானே?" என்றாள்.

"எங்க மாமா இல்ல. வேற யாரோ."

மாமா காதில் விழுந்துவிட்டது. தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டு தட்டினார்.

வீட்டில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பேச முடியாதவர் எப்படிச் சொல்லுவார் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் அத்தையையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். வழியில் எனக்கு வடை வாங்கிக்கொடுத்து, சூடாக இருக்கிறது என்று ஊதிக் காட்டினார்.

பேரருவியில் தண்ணீர் கொட்டியது. நாங்கள் குளித்து முடித்து ஈரத்தலையோடு காத்திருந்தோம். ஆண்கள் பக்கம் மாமா தலையை அண்ணாந்து, வாயை அகலத் திறந்து நின்றார். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் திறந்தார்.

"அத்தே, மாமா எதுக்கு அருவித் தண்ணியக் குடிக்காவ?"

"குளிக்காவ, ஏட்டி. நீ தலையத் துவட்டு."

அவர் வந்ததும், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல அத்தையே அவர் தலையைத் துவட்டிவிட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. சிப்ஸ் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கத்திக்கொண்டிருந்தார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இரைச்சலில் யார் கத்தினாலும்தான் கேட்காதே.