நீலம் போட்ட பாலைவனம்

எழுபதுகளில் போர்ட் பிளேரில், அரசு அலுவலகமொன்றின் புகைப்பட அறையில் பணியாற்றினேன். ஒரு மாலை, டெய்ரி ஃபார்ம் பகுதியில் எனக்கு அடுத்த வீட்டில் வசித்த பெண் ஒரு வண்ணப் படத்துடன் என் வீட்டுக்கு வந்தாள். கூடவே அவளுடைய அண்ணன். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கொடுப்பவர்.

அவள் கணவன் லாரி ஓட்டுநர். அவனுடைய ரோடு கான்டிராக்டர் ராஜஸ்தானில் வேலை எடுத்தபோது அவனும் உடன் போனான். அங்கே வீடு பார்த்துவிட்டதாகவும், குழந்தையோடு புறப்பட்டு வரும்படியும் எழுதி, பாலைவனத்தில் நிற்கும் தன் படத்தையும் அனுப்பியிருந்தான். படத்திலோ அவனுக்குப் பின்னால் அலை அலையாக நீலம்.

“பாத்தீங்களா சார், ரேகிஸ்தான்ல நிக்கறானாம், பாலைவனமாம்! இது சமுந்தர் இல்லாம என்ன? கடலேதான். தூரத்துல போட் கூட நிக்குது. எந்த பீச்சுல எவகூட இருக்கானோ, இவ பிள்ளையைத் தூக்கிட்டு அங்க போய் நிக்கணுமாம். நான் டிக்கெட் போடமாட்டேன்” என்றார் அண்ணன்.

அண்ணன், தங்கை இருவருமே தீவில் பிறந்து வளர்ந்தவர்கள். மணல் என்றால் பக்கத்தில் கடல் இருந்தாக வேண்டும். அலை என்றால் அது தண்ணீர்தான்.

நான் படத்தை விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். கணவனின் பற்கள்கூட நீலமாக இருந்தன. அச்சிட்ட இடத்தில் நிறம் பிசகியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கக்கூடிய தேன்நிற ஜெலட்டின் தாள்கள் என்னிடம் இருந்தன. படத்தின் மேல் அவற்றை வைத்துப் பார்த்தால் நீலம் தணியும். ஆனால் எதுவரை தணிப்பது? மணல் மணலாகத் தெரியும்வரை என்றால், அவன் சொன்னது உண்மை என்று நானே முடிவு செய்துவிட்டதாகாதா? என் ஊகத்தை நம்பி ஒரு பெண் கைக்குழந்தையுடன் கடல் கடந்து போவாள். ஆகவே, அவளே அறிந்த ஒரு நிறத்தை வைத்துத் தணிக்கலாமென்று, அவன் உருவம் மட்டும் தெரியும்படி மற்ற பகுதியைக் காகிதத்தால் மறைத்தேன்.

“தோள்ல இருக்கிற துண்டு என்ன நிறம்மா?”

“வெள்ளைண்ணே. நான் துவைச்சு மடிச்சுக் கொடுத்தது.”

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். துண்டு உப்பைப் போல் வெளுத்தது. அவள் குனிந்து பார்த்துத் தலையசைத்தாள்.

“இவ்ளோ வெள்ளை இல்லண்ணே. நான் நீலம் போட்டுல்ல அலசுவேன், கொஞ்சம் நீலமடிக்கும்.”

“கொஞ்சமா?” என்றார் அண்ணன். “இவ துணி காயப்போட்டா வானம் எறங்கி வந்த மாதிரி இருக்கும் சார். ரேகிஸ்தானுக்கே இவதான் நீலம் போட்டிருப்பா!”

“நீ சும்மா இருண்ணே” என்றாள். ஆனால் அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

ஒரு தாளை எடுத்துவிட்டு, அதைவிட மெல்லியதொன்றை வைத்தேன்.

“இதான். இதான் நான் துவைச்ச துண்டு.”

மறைத்திருந்த காகிதத்தை விலக்கினேன். அவனுக்குப் பின்னால் கடல் இல்லை. காற்று வரி வரியாகக் கீறிய, வெளிறிய பழுப்பு மணல் மேடுகள். படகென்று அண்ணன் காட்டியது ஒரு முட்புதர். இன்னொரு தாளைக் கூட்டினால் அந்த மணல் நாட்காட்டிப் படம்போல் பொன்னாக மின்னும், அவளும் மகிழ்ந்துபோவாள். ஆனால் அவள் போய் வாழவேண்டியது அந்தப் பொன்னில் அல்ல. கையை எடுத்துக்கொண்டேன்.

அவள் மணல் வரிகளின் மேல் விரலை ஓட்டினாள்.

“மணல்தான்... இவ்ளோ மணலுக்குக் கடல் எங்கண்ணே?” என்று என்னைக் கேட்டாள்.

நான் வாய் திறக்கும் முன் அண்ணன் பதில் சொன்னார். “அதைப் போய்ப் பாத்துட்டு எழுது.” பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், “கப்பல்ல கீழ் பெர்த்தா பாத்துப் போடுறேன். இடுப்புல பச்சா இருக்குல்ல” என்றார்.