நல்லகாமன் திறந்துவிட்ட தண்ணீர்

எங்கள் கோச்சடை அடுக்ககத்தின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்பவர் நல்லகாமன். ஊர் பேரையூர்ப் பக்கம். தண்ணீர் வீணானால் மனுஷனுக்குப் பொறுக்காது. யாராவது குழாயைச் சரியாக மூடாமல் போனால் கீழே நின்றே சத்தம் போடுவார். நானே இரண்டு முறை வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் குணம்தான் போன வியாழக்கிழமை அவரைக் கவிழ்த்துவிட்டது.

மூன்றாம் மாடி பாலசுந்தரம் சாருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. இடது காலில் உணர்ச்சி இல்லை. எங்கே வைக்கிறோம் என்று கண்ணால் பார்த்தால்தான் அவரால் அந்தக் காலை வைக்க முடியும். தண்ணீருக்குள் நடந்து பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். மழையில் கலங்கிக் கிடந்த குளத்தை வியாழனுக்குள் தெளிய வைப்பதாக நல்லகாமன் வாக்குக் கொடுத்திருந்தார்.

படிகாரம் போட்டார். அழுக்கு அடியில் படிந்தது. அதை வேக்குவத்தால் உறிஞ்சும்போது வால்வைத் திருப்பி, அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். அதற்குத்தான் மனசு வரவில்லை. தண்ணீரை மிச்சம் பிடிக்க ஃபில்டர் வழியாகவே ஓட்டினார். மாவு போன்ற அழுக்கு, ஃபில்டர் மணலில் தங்காமல் திரும்பக் குளத்துக்கே வந்துவிட்டது. குளம் அரிசி களைந்த தண்ணீராய் ஆனது.

பாலசுந்தரம் சார் முதல் படியில் இறங்கிக் குனிந்து பார்த்தார். பாதம் தெரியவில்லை. வைத்த காலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அவர் மனைவி சீதாலட்சுமி அம்மா சௌராஷ்டிர மொழியில் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டே கூட்டிப்போனார். நல்லகாமனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் சொன்னேன். "உங்க கஞ்சத்தனத்துக்கு அவரு காலுதான் கெடச்சுச்சா?"

"அம்புட்டுத் தண்ணியும் சாக்கடைக்குப் போறதப் பாக்க முடியல சார்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

சனிக்கிழமை மறுபடி படிகாரம் போட்டு மோட்டாரை நிறுத்தினார். ஞாயிறு விடிந்ததும் நானும் போய் நின்றேன். வேக்குவத்தின் தலையை நீளக் கம்பில் மாட்டி, ஓஸ் குழாயின் ஒரு முனையை அதில் செருகி, அடியில் படிந்தது கலங்காமல் மெதுவாக இறக்கினார். பிறகு ஓஸை முழம் முழமாக நட்டுக்குத்தாகத் தண்ணீருக்குள் விட்டார். மறுமுனையைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டார்.

"உள்ள இருக்க காத்து பூராம் வெளிய வரணும் சார். கொஞ்சம் தங்குனாலும் மோட்டார் இழுக்காது."

கன்னத்தில் காற்று படுவது நின்று தண்ணீர் எட்டிப் பார்த்தது. உள்ளங்கையால் முனையைப் பொத்தி, நீருக்கடியிலேயே கொண்டுபோய்ச் சுவரிலிருந்த உறிஞ்சு துளையில் மாட்டினார்.

அடுத்தது வால்வு. அதன்மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"இருங்க சார், நானே திருப்புறேன்."

திருப்பினார். மோட்டாரைப் போட்டதும் வெளிக்குழாயில் தண்ணீர் சத்தத்தோடு சாக்கடைக்குக் கொட்டியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முக்கால் மணி நேரம் கம்பை அவசரப்படாமல் தள்ளித் தள்ளி அடித்தரை முழுவதையும் எடுத்தார். குளம் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. தரையின் நீல ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

எட்டு மணிக்குப் பாலசுந்தரம் சார் வந்தார். நல்லகாமன் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கரையில் சீதாலட்சுமி அம்மா புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றார். சார் குனிந்தபடியே வலது காலை வைத்தார். இடது கால் கொஞ்சம் தடுமாறிவிட்டு, அவர் பார்த்த இடத்திலேயே ஊன்றியது. இன்னொரு எட்டு. இன்னொன்று.

நான்காவது எட்டில் நின்றார்.

"நல்லகாமா, கைய விடுப்பா. காலு தெரியுது."

நல்லகாமன் சீதாலட்சுமி அம்மாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். பிறகுதான் கையை விட்டார். சார் தனியாக இரண்டு எட்டு நடந்தார்.