பக்கத்து வீட்டு மாங்கிளை

எங்கள் முருங்கையை வெட்டிய அன்று நான் கடையத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். வெட்டியவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. திரும்பி வந்து கேட்டபோது, "கம்பளிப்பூச்சி எங்க செவுத்துலல்லா ஏறுது. சொன்னா விடமாட்டீய, அதான்" என்றார், உபகாரம் செய்தவர் மாதிரி.

வெட்டியதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவர் பக்கம் நீண்டிருந்த கிளையை மேலேயிருந்து அரிவாளால் போட்டிருக்கிறார். பாதி வெட்டிலேயே கிளை தன் பாரம் தாங்காமல் முறிந்து, தூர் வரைக்கும் பட்டையை உரித்துக்கொண்டு இறங்கியிருந்தது. அந்தக் காயத்தில் சாரல் தண்ணீர் இறங்கி, ஒரே சீசனில் மரம் அழுகிச் செத்தது.

அவர் வீட்டு மாமரத்தின் கிளை ஒன்று எங்கள் மொட்டைமாடிக்கு மேல் நீண்டிருந்தது. துணி காயப்போடும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். அடுத்த ஆனியில் மற்ற கிளைகள் ஏமாற்றிவிட, அந்தக் கிளை மட்டும் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. மகள் பிள்ளைகளோடு மாம்பழம் தின்ன வரப்போகிறாள் என்று அண்ணாச்சி தெருவெல்லாம் சொன்னார். நான் தென்காசிக்குப் போய்க் கை ரம்பம் வாங்கிவந்தேன்.

"ஆள விட்டு வெட்டுவோமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேண்டாம். நாந்தான் வெட்டுவேன்."

பழி வாங்குகிறவளுக்கு நிதானம் வேண்டும். என் விரல் ஒன்று அறுபட்டாலும் அவருக்குத்தான் கொண்டாட்டம். யூடியூபில் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தேன். ஈரத்தில் கால் வழுக்கும் என்று, சாரல் விட்டு, காற்றும் ஓயட்டும் எனக் காத்திருந்தேன்.

அன்றைக்கு ஷூ போட்டேன். மாம்பால் பட்டால் தோல் பொத்துவிடும் என்று முழுக்கைச் சட்டையும் கையுறையும். மரத்தூள் கண்ணில் விழாமலிருக்க ஸ்கூட்டர் ஹெல்மெட். கிளையைக் கயிற்றால் கட்டி, மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டித் தூணில் சுற்றி, வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். சின்னக் கொப்புகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்தேன். பிறகு, சுவருக்கு எங்கள் பக்கத்தில் பட்டை உரியாமலிருக்க, கிளையைக் கீழிருந்து மேலாகக் கால்வாசி அறுத்தேன். அதற்குச் சற்று நுனிப் பக்கமாய்த் தள்ளி, மேலிருந்து ரம்பத்தை வைத்தேன்.

சத்தம் கேட்டு அண்ணாச்சி ஓடிவந்தார். "ஏம்மா, என்ன செய்யுதீய! காய்க்குத மரத்துலயா கைய வைக்கிய?"

"இலையெல்லாம் எங்க தொட்டியிலல்லா விழுது அண்ணாச்சி. சொன்னா விடமாட்டீய, அதான்."

கையை நிறுத்தவில்லை. அவர் கண் முன்னாலேயே கிளை முறிந்தது. பட்டை ஒரு விரல் அகலம்கூட உரியவில்லை. கயிற்றில் தொங்கியதை மெதுவாக மாடியில் இறக்கினோம். அண்ணாச்சி சுவரோரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. திருடி என்ற பேச்சுக்கும் இடம் வைக்கக் கூடாதென்று, காய்களை ஒன்று விடாமல் சாக்கில் அள்ளி அவர் வாசலில் வைத்தேன். அத்தனையும் முற்றாத காய். அண்ணாச்சி ஒரு காயை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டுச் சாக்கிலேயே போட்டார். என் வயிறு குளிர்ந்தது.

மகள் வந்தாள். பழம் இல்லை. அண்ணாச்சியின் மனைவி அந்தக் காய்களில் ஊறுகாய் போட்டு, எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். பாவம், அவளோடு எனக்குச் சண்டை இல்லை. வீட்டுக்காரர் சப்புக்கொட்டித் தின்றார். நான் தொடவில்லை. வெறும் மோர்ச் சோற்றைத்தான் தின்றேன். அன்றைக்கு அது அமிர்தமாய் இறங்கியது.