வேஸ்ட் குடோனில் சிறுத்தை

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் எச்.ஆர். மேனேஜர். தொழிலாளர் நலனைக் காப்பது என் வேலை; முதலாளிக்குத் தொந்தரவு வராத அளவுக்கு.

ஒரு காலையில், எங்கள் பின்சுவரை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஏனுங்க சார், பட்டியில ரெண்டு வெள்ளாட்டை ஏதோ கடிச்சுப் போட்டிருச்சுங்க. உங்க கேமராவுல ஏதாச்சும் விழுந்திருக்குதாங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அவரை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். விழுந்திருந்தது. பின்சுவர்மேல் நிதானமாக நடந்து, வேஸ்ட் துணி போடும் குடோன் ஜன்னல் வழியே உள்ளே இறங்கியது ஒரு சிறுத்தை. துணி திருடுபவர்களைப் புகைமூட்டமாகக் காட்டும் எங்கள் கேமரா, இதை மட்டும் கல்யாண வீடியோ போல எடுத்திருந்தது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"இது நாயிங்க," என்றார்.

"உடம்பெல்லாம் புள்ளி இருக்குதுங்க சார்."

"புள்ளி இருக்கற நாய். மூணு நாள்ல ஷிப்மென்ட். சிறுத்தைன்னு சொன்னா நாளைக்கு எவன் வந்து மிஷின்ல உட்காருவான்?"

இந்தப் பக்கம் சிறுத்தை இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதோடு சரி. இரண்டு தலைமுறை கழித்து ஊர் திரும்பிய விலங்கை, எங்கள் கம்பெனி ஐந்தே நிமிடத்தில் நாயாகப் பதவியிறக்கம் செய்துவிட்டது.

வெளியே வந்து, "ஒண்ணும் விழலீங்க, தெரு நாயா இருக்கும்," என்றேன். "சரிங்க சார், உங்களுக்குத்தான் சிரமம்," என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு, நாய்கள் நடமாட்டம் இருப்பதால் குடோன் பக்கம் போக வேண்டாமென்று நோட்டீஸ் ஒட்டினேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் நாள் அயர்னிங் செக்‌ஷனில் வேலை செய்யும் ஜார்க்கண்ட்காரர் ஒருவர், என்னைக் குடோனுக்குப் பின்னால் அழைத்துப் போனார். ஈரமண்ணில் அகலமாக ஒரு கால்தடம்.

"சார், இது குத்தா இல்ல. குத்தாவுக்கு நகம் மண்ணுல பதியும். இது தேந்துவா." இந்தியில் நாய்க்குக் குத்தா, சிறுத்தைக்குத் தேந்துவா. "எங்க ஊர்ல என் சாச்சா, சித்தப்பாவை அடிச்சுது சார். நோட்டீஸ் யாரு எழுதுனது?"

"நான்தான்."

அவர், எங்கள் ஹாஸ்டல் பெண்கள் வேலைக்கு வரும் பாதையைத் திரும்பிப் பார்த்தார். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பேர் சொல்லாமல் வனத்துறைக்குப் போன் செய்தேன். என் வீரம் அந்த நாலு சுவருக்குள் பத்திரமாக நிகழ்ந்தது.

வனத்துறையினர் வந்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். கட்டிங் வேஸ்ட் மூட்டைகளின்மேல் படுத்திருந்த சிறுத்தைக்கு டாக்டர் மயக்க ஊசி போட்டார். வலையில் தூக்கி வந்தபோது பார்த்தேன்; விலா எலும்பு தெரிந்தது. காதோரம் ரோஸ் நிறத் துணிக்கீற்று ஒட்டியிருந்தது.

வாசலில் டிவிக்காரர்களிடம் முதலாளி பேசிக்கொண்டிருந்தார். "மூணு நாளா கேமராவுல கண்காணிச்சுட்டேதான் இருந்தமுங்க. தொழிலாளர் பாதுகாப்புதானுங்க எங்களுக்கு முக்கியம்."

கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற அந்த விவசாயி திரும்பினார்.

"மூணு நாளாங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நான் வந்தன்னைக்கே பாத்துட்டீங்க."

"பாத்துட்டேனுங்க."

"எங்கூட்டு அம்மணிய நேத்துக்கூட அந்தப் பக்கந்தானுங்க தழை ஒடிக்க அனுப்புனேன்," என்றார். மனைவியைச் சொல்கிறார். அந்த மரியாதை 'ங்க'வைக்கூட அவர் விடவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஷிப்மென்ட் ஒரு நாள் தாமதமாகப் போனது. வெள்ளைக்காரன் யாரும் சட்டையில்லாமல் நின்றதாகத் தகவல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் தோட்டத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க நல்லதாக நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். "வாங்க, உக்காருங்க," என்றார். மோர் கொடுத்தார். நான் குடித்து முடித்து எழுந்திருக்கும்வரை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தார்.