ஆணி அண்ணனுக்கு என்ன வேலை

எங்கள் கல்லூரி ஓவியத் துறையின் இணையப் பக்கத்தைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி என்பதால் அல்ல. அன்றைய கூட்டத்துக்கு நான் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன், அவ்வளவுதான்.

பழைய பக்கத்தில் கல்லூரிக் கட்டடம் இருந்தது, பூச்சாடிக்குப் பக்கத்தில் முதல்வர் இருந்தார், மருந்துக்குக்கூட ஓர் ஓவியம் இல்லை. தொடர்புக்கு என்று போட்டிருந்த எண் கேன்டீனுடையது. இரண்டு வருடமாகச் சேர்க்கை பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் கேன்டீன்காரர், "இங்க டீ மட்டும்தான்" என்று பதில் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தைக் காட்டக்கூட ஆள் இல்லை. பக்கத்தைப் போட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

இந்த வருடம் பதினைந்து பேராவது சேராவிட்டால் உருவ ஓவிய வகுப்பை மூடிவிடுவதாக முதல்வர் சொல்லியிருந்தார். மூடினால் எனக்கு வேறு வகுப்பு கொடுப்பார்கள். ஆணி அண்ணனுக்கு வேலையே போய்விடும்.

ஆணி அண்ணன் எங்கள் மாடல். மாணவர்கள் பார்த்து வரைவதற்காகப் பதினெட்டு வருடமாக, அதே மர நாற்காலியில், வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வரும் சட்டை பேன்ட்டோடு உட்காருகிறார். இருபது நிமிடம் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் நடக்கலாம். திரும்பி வந்து அதே நிலையில் உட்கார வேண்டுமே என்று அவருடைய பாதங்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவைப்போம். அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஈதான் சலித்துப்போய்ப் பறக்கும். அந்தப் பெயர் எந்த வருடத்து மாணவர்கள் வைத்ததோ, அப்படியே நிலைத்துவிட்டது.

புதிய இணையப் பக்கத்தில் போடுவதற்காக மூன்று நாள் பீரோக்களைக் குடைந்து பழைய மாணவர்களின் படங்களை எடுத்தேன். கிண்ணம், பாட்டில், ஜன்னல் என்று வரைந்ததெல்லாம் சுமார் ரகம். பார்த்தவுடன் கண் நின்ற நாற்பது படங்களிலும் ஆணி அண்ணன்தான் இருந்தார். கறுத்த தலைமுடியோடு ஒன்றில், நரைத்து இன்னொன்றில், கன்னம் ஒட்டிப்போய் மற்றொன்றில். வரிசையாகத் தரையில் பரப்பிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கள் வீட்டில் யாரையும் யாரும் இத்தனை முறை உற்றுப் பார்த்ததில்லை.

இதைத்தான் போடப்போகிறேன் என்று அவரிடம் குதூகலமாகச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஏழு வருடத்துக்கு முன்பு மகளுக்கு வரன் பேசும்போது, கல்லூரி ஓவியத் துறையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சம்பந்தி வீட்டார் அவரை ஆசிரியர் என்று எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தி அவரை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவாராம். அண்ணனின் மனைவிக்கும் மகளுக்கும் உண்மை தெரியும். அவர்களும் மூச்சு விடவில்லை. பேத்தி மட்டும் அவர் போகும்போதெல்லாம் குதிரை வரைந்து தரச் சொல்லி நச்சரிப்பாளாம். இவருக்கு நேராக ஒரு கோடு இழுக்க வராது. ஒருமுறை கைவலி, ஒருமுறை கண்ணாடி மறதி என்று இத்தனை நாளை ஓட்டிவிட்டார்.

"நான் பொய் சொல்லல டீச்சர். அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. நான் வாயைத் திறக்கல."

அசையாமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் ஏது?

எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. படங்களைப் போடுவோம், அடியில் 'உருவ ஓவியப் பயிற்றுநர்' என்று எழுதிவிடுகிறேன், யார் வந்து விசாரிக்கப்போகிறார்கள் என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில் அன்றைக்கு நானும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் வகுப்பு தொடங்கும் முன்பே வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றார்.

"நேத்து சொன்னத எழுதாதீங்க டீச்சர். மாடல்னே போடுங்க."

"ஏன் அண்ணே? சம்பந்தி வீட்டுல பார்ப்பாங்களே."

"பார்க்கட்டும். பதினெட்டு வருஷம் முதுகு விட்டுப்போக உட்கார்ந்திருக்கேன். பயிற்றுநர்னு போட்டா, அப்ப அங்க உட்கார்ந்திருந்தது யாரு?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் வேலையை மறைப்பதுதான் அவருக்கு மரியாதை என்று நான் நினைத்திருக்கிறேன், தினமும் அந்த வேலையை வைத்தே பாடம் நடத்திக்கொண்டு.

நாற்பது படங்களையும் வருட வரிசையில் போட்டேன். மேலே ஆணி அண்ணனின் புகைப்படம், பதினெட்டு வருடமாக எங்கள் மாடல் என்று ஒரே வரி. சாக்பீஸ் கோட்டைப் பற்றி நாலு வரி. அதன் கீழே என் சொந்த போன் எண். அடுத்த வாரமே மணி அடிக்க ஆரம்பித்தது. பாதிப் பேர், அந்தப் பெரியவர் இப்போதும் உட்காருகிறாரா என்று கேட்டார்கள். இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். முதல்வர், தன் படத்தை ஏன் எடுத்தேன் என்று மட்டும் விசாரித்தார்.

ஆணி அண்ணனுக்கு வேலை மிஞ்சியது, 'வாத்தியாரே' போய்விட்டது. சம்பந்தி இப்போது அவரை எப்படியும் கூப்பிடுவதில்லையாம், டிவியைப் பார்த்தபடி "வாங்க" என்பதோடு சரி. சம்பந்தியம்மாள் அதுவும் இல்லை. அவர் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் துணியோடு ஓடிவருகிற ரகம். விஷயம் தெரிந்தபின் அண்ணன் முதல்முறை போன அன்று, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாராம். பேத்திதான் நேராகக் கேட்டாளாம்: "வரையத் தெரியாதுன்னு முன்னாடியே சொல்றதுக்கு என்ன தாத்தா?" கேட்ட கையோடு கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, பாதங்களைச் சுற்றிச் சிவப்புக் கிரேயானால் தரையிலேயே கோடு இழுத்துவிட்டு, நோட்டைத் திறந்திருக்கிறாள்.

அவள் வரைந்த படத்தை அண்ணன் பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். ஒரு கையில் ஆறு விரல். நாற்பத்தொன்றாவது படமாகச் சேர்த்தேன்.

போன வாரம் இடைவேளையில், நடந்துகொண்டே சொன்னார்.

"ஒரு மாசமாச்சு டீச்சர். நேத்து போயிருந்தேன். கூடம் பளபளன்னு இருக்கு. அந்தக் கோட்டை மட்டும் சம்பந்தியம்மா துடைக்கல."

ஐந்து நிமிடம் முடிந்ததும் போய் உட்கார்ந்தார்.