எந்த ஓட்டையில் ஆணி

றோஸி யார் என்று கேட்டால், கொச்சிக்கடை இமெல்டாவின் கடைக்குட்டி. மூத்தவள் றேணுகா நீர்கொழும்புக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். நடுவிலான் ரெனால்ட் இத்தாலிக்குப் போனவன், தாயின் செத்தவீட்டுக்குக்கூட வரவில்லை. மிஞ்சிய றோஸியைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கொட்டாஞ்சேனைப் பேர்னாட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

கல்யாண வீட்டிலேயே அவன் வாய் தெரிந்துவிட்டது. கேக் வெட்டும்போது, “பால் டின்னுக்குள்ள விழுந்த காகம் மாதிரி இருக்கிறா, பாருங்க” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைச் சட்டையும் தலையில் நெற் முக்காடுமாய் நின்ற றோஸியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் உத்தரவுச் சீட்டாக வைத்துக்கொண்டான். பிள்ளை தங்கவில்லை என்றான பிறகு அவளுக்குத் ‘தரிசு’ என்று பெயர் வைத்தான். ஆட்கள் இருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் தேத்தண்ணி கேட்பான்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்றோமே, அந்த வருடம் கொழும்பில் கையளவு வளவு உள்ளவனும் மரவள்ளி நடப்போகிறேன் என்று கிளம்பினான். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பேர்னாட் ஒரு டில்லரை வாங்கினான். முன்னால் மண்ணைக் கிண்டும் கத்திகள், மேலே என்ஜின், பிடிக்க இரண்டு கைப்பிடி. கிருலப்பனை, கொலன்னாவை என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனான். “எந்தத் தரிசையும் கிண்டுவன். எங்கட வீட்டுத் தரிசுக்குத்தான் இந்த மெசினும் சரிவராது” என்று போகிற வீடெல்லாம் சொல்லிச் சிரித்தான். பெற்றோல் கானைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த றோஸியின் காதிலும் அது விழும்.

பிறகு அவனுக்குப் பாரிசவாதம் வந்தது. எழும்பி நடந்தான், ஆனால் இடது கையில் பிடி இல்லை. கைப்பிடியில் உள்ள நெம்பை அழுத்திப் பிடித்தால்தான் கத்தி சுழலும், விட்டால் நிற்கும். ஆளைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. அழுத்த முடியாத பேர்னாட் அந்த நெம்பைக் கட்டுக்கம்பியால் கட்டச் சொன்னான். றோஸி கட்டினாள். கயிறு இழுத்து என்ஜினைக் கிளப்புவதும் அவள், பக்கத்தில் நின்று சுவிச்சை நிறுத்துவதும் அவள்.

இன்னும் இரண்டு வேலை அவளுக்கு இருந்தது. மெசினின் பின்னால் ஓர் இரும்புக் கட்டை மண்ணில் குத்திக்கொண்டு வரும். அதில் வரிசையாக ஓட்டைகள். ஆணியை மாற்றிக் கட்டையை உயர்த்தினால் மெசின் மேலால் சுரண்டிக்கொண்டு ஓடும். இறக்கினால் மெதுவாக, ஆழமாகக் கிண்டும். புது நிலத்தில் முதலில் மேலால் ஓட்டி, பிறகுதான் இறக்க வேண்டும். அதற்கும் முன்னால், நீளக் கம்பியால் வளவு முழுக்கக் குத்தி, அடியில் கல்லோ குழாயோ கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொழும்பு மண்ணுக்கு அடியில் எவன் வீட்டு அத்திவாரம் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கிருலப்பனையில் சுபாஷினி ரீச்சர் வீட்டில் கம்பி குத்திய றோஸி, “இதால தண்ணிக் குழாய் போகுது” என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

“நல்ல காலம் அக்கா சொன்னது. அண்ணன் உடைச்சிருப்பார்” என்று ரீச்சர் சிரித்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து, என்ஜின் கிளப்பும் கயிற்றைக் கழற்றி எடுத்துத்தான் பேர்னாட் அவளுக்கு அடித்தான். அடிக்க வலது கை போதும். “இனி நிலத்தப் பத்தி நான் கேட்டா மட்டும் வாய் திற. விளங்கிச்சா?”

“விளங்கிச்சு.”

அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. கல் தட்டுப்பட்டால் அவள் அந்த இடத்தில் பேசாமல் நிற்பாள். அவன் வேறு பக்கம் திருப்புவான். மூன்று மழைக்காலம் இப்படியே ஓடியது. றோஸிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த வாய் அடங்க வேண்டும். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் அவள் கேட்டதும் அதுதான்.

அந்தோனியாரோடு பேர்னாட்டுக்கும் ஒரு கணக்கு இருந்தது. பாரிசவாதத்தில் கிடந்தபோது, “எழும்பி நடந்தா செவ்வாய்க்கிழமையில மெசின் தொடமாட்டன்” என்று நேர்ந்திருந்தான். செவ்வாய் அந்தோனியாரின் நாள். அந்த நேர்த்தியை உடைக்க வைத்தவள் அவன் தங்கச்சி கொன்ஸ்ரன்ஸ். மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாளுக்குள் கொலன்னாவை வளவைத் துப்புரவாக்க வேண்டும், குப்பை அள்ள லொறி செவ்வாயில்தான் கிடைக்கும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“அண்ணே, அந்தோனியார் கோவிக்க மாட்டாரா?” என்று கேட்டதும் அவளேதான்.

“அவருக்குப் பிறகு மெழுகுதிரி கொழுத்துறன். நீ தேத்தண்ணியக் கொண்டு வா.”

றோஸி கம்பியோடு வளவைச் சுற்றினாள். முருங்கை மூலையில் கம்பி டக் என்று நின்றது. ஒரு சாண் தள்ளிக் குத்தினாள். டக். இன்னும் தள்ளி. டக். இடித்த பழைய சமையல் குசினியின் கொங்கிரீற் தளம், புல்லுக்கு அடியில் பாயாக விரிந்து கிடந்தது.

“அண்ணியிட முகம் என்ன செத்தவீடு மாதிரி?” என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

“கம்பியையும் அவளையும் பக்கத்தில வச்சா எது கம்பி எண்டு கண்டுபிடிக்க ஏலாது” என்றான் பேர்னாட். தேத்தண்ணி புரையேறும்வரை அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள்.

வழக்கமாக றோஸி அந்த இடத்தில் நிற்பாள். அன்றைக்கு நிற்கவில்லை. கம்பியைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள்.

“என்ன பார்க்கிறாய்? ஆணியக் கடைசி ஓட்டையில போடு. ஒரே ஓட்டத்தில ஆழமாக் கிண்டி முடிப்பம்.”

றோஸி வாயைத் திறந்தாள். முழங்கையில் கயிற்றுத் தழும்பு தெரிந்தது. மூடிக்கொண்டாள். கடைசி ஓட்டையில் ஆணியைப் போட்டாள். நெம்பைக் கட்டுக்கம்பியால் கட்டினாள், வழமையைவிட ஒரு சுற்றுக் கூட. கோயில் எண்ணெயால் என்ஜினில் சிலுவை போட்டுக் கயிற்றை இழுத்தாள்.

பாதி வளவு வெண்ணெய் மாதிரிப் போனது. முருங்கை மூலையில் கத்தி கொங்கிரீற்றைக் கடித்தது. மெசின் எகிறி முன்னால் பாய்ந்து அவனையும் இழுத்துக்கொண்டு போனது. இடது கை நழுவ, ஒற்றைக் கையில் மெசின் சுற்றித் திரும்பியது. அவன் விழுந்தான். கட்டியிருந்த நெம்பு விடவில்லை. கத்தி சுழன்றுகொண்டே அவன் காலுக்கு வந்தது.

“சுவிச்! றோஸி, சுவிச்!”

றோஸி சுவிச்சுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அருள் நிறைந்த மரியே என்று மனதுக்குள் தொடங்கினாள். ஆமென் சொல்லி முடித்துவிட்டுத்தான் கையை நீட்டினாள்.

பெரியாஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். கண் விழித்த பேர்னாட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “அந்தோனியார் அடிச்சிட்டார் றோஸி. செவ்வாய்க்கிழமையில தொட்டனே.”

“ஓம். அடிச்சிட்டார்.”

கொன்ஸ்ரன்ஸ் தன்னால் வந்த வினை என்று நெஞ்சில் அறைந்துகொண்டாள். கொட்டாஞ்சேனை முழுக்க அதே கதைதான். சுவரில் சாத்தியிருந்த கம்பியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது டில்லரை றோஸிதான் ஓட்டுகிறாள். முதல் வேலையாக அந்தக் கட்டுக்கம்பியை அறுத்து எறிந்தாள். செவ்வாய் வந்தால் மெசினுக்கு ஓய்வு, பேர்னாட்டுக்கு இல்லை. மழையோ வெயிலோ, அவனை ஓட்டோவில் ஏற்றிக் கொச்சிக்கடைக்கு மன்னிப்புக் கேட்கக் கொண்டுபோகிறாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊன்றுகோலிலும் உயரம் மாற்ற ஓட்டைகளும் ஆணியும் இருக்கின்றன. புறப்படுமுன் அவள் அதை இரண்டு ஓட்டை இறக்கிவிடுவாள். குனிந்து பார்க்க அவனுக்கு ஏலாது.

போன செவ்வாயும் கோயில் வாசலில் அவன் கூனிக்கொண்டு நின்றான். “றோஸி, இது கட்டையா இருக்கு. ஆணி எந்த ஓட்டையில கிடக்கு?”

“டொக்டர் சொன்ன ஓட்டையில.”

“தோள் முறியுது.”

“அந்தோனியாரிட்ட சொல்லுங்க. அவர்தானே அடிச்சவர்.”

பேர்னாட் வாயை மூடிக்கொண்டான். சனம் விலகி வழி விட்டது. மெழுகுதிரி விற்கிற பெண் றோஸியின் கையைத் தொட்டு, “உங்களப் போல பொஞ்சாதி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கோணும், அக்கா” என்றாள்.

“ஓம்” என்றாள் றோஸி. அவன் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.