பழனிக்குப் போய்வந்த பேனா

அந்தத் திங்கட்கிழமை காலை, திண்டுக்கல்லில் என் மகள் படித்த பள்ளியின் வாசலில் ஆறேழு மொட்டைத் தலைகள் நின்றுகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் சந்தனம். மாசி மாதம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஆட்டோவிலிருந்து சக்கர நாற்காலியை இறக்கி விரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே உட்கார்ந்தபடியே மகள் சிரித்தாள்.

"அப்பா, அம்புட்டுப் பேரும் மொட்டைப்பா! எண்ணெய் தேச்ச பல்பு மாதிரி நிக்கிறானுங்க."

எல்லாரும் அவள் வகுப்புப் பையன்கள். ஒருவனைக் கூப்பிட்டேன்.

"ஏலே, எப்படா மொட்டை போட்ட?"

"நேத்து, பழனில..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "எங்க வீட்டுல வேண்டுதல், அங்கிள்."

"உனக்கு?" என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டேன்.

"எங்க வீட்டுலயுந்தான்."

"எல்லா வீட்டுலயும் ஒரே நாள்லயா?"

மூன்றாமவன் என் கேள்வி தன்னிடம் வருமுன் பள்ளிக்குள் ஓடிவிட்டான். மகளின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

தேர்வுக்கு முன் பேனாக்களைப் பழனி மலைக்குக் கொண்டுபோய், சன்னதியில் பூசைக்கு வைத்து வாங்கி வருவது அந்தப் பள்ளியின் வழக்கம். பத்தாம் வகுப்பு மொத்தமும் வேனில் போகும். இந்த முறை என் மகளும் வருவாள் என்று முதலில் சொன்னவர் வகுப்பாசிரியர்தான்.

அவரை நம்பாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர். மாடியில் இருந்த பத்தாம் வகுப்பை, சக ஆசிரியர்களின் முணுமுணுப்புக்கு நடுவே, அவளுக்காகக் கீழே கொண்டுவந்தார். எது எந்த மாதத்தில் நடந்தது என்று எழுதிவைப்பது என் பழக்கம். ஆனிக் கடைசியில் வாசலில் போட்ட சாய்தளம் பைக் ஏற்றப் போட்டதுபோலச் செங்குத்தாக இருந்தது. ஆடி பிறந்ததும் அதை உடைக்கச் சொல்லி, கொத்தனார் கூடவே நின்று, சரிவை நீளமாக இழுத்துப் போடவைத்தார். நாற்காலி உள்ளே நுழையும்படி மேசைக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினார். கழிப்பறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார். தினமும் காலையில் அவளைச் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போவதும் அவர்தான். இப்படிப்பட்ட பள்ளிகளைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். ஒன்றைக் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

அதனால் பயணம் என்றதும், தைப்பூசக் கூட்டம் வடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் பழனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மலைமேல் இழுத்துச் செல்லும் விஞ்ச் வண்டியில் நாற்காலியை மடித்து ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஆசிரியரிடம் வந்து சொன்னேன்.

"அப்புறமென்னங்க! பாப்பாவ மொதல் சீட்டுலயே உக்கார வெச்சுப்போடலாம்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் விஞ்ச் பேச்சுத்தான். அதுவரை எந்தப் பயணத்திலும் அவள் வகுப்போடு போனதில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வேன் கிடைக்கவில்லை, யாரும் போகவில்லை, பேனாக்களை ஞாயிற்றுக்கிழமை தான் மட்டும் பஸ்ஸில் கொண்டுபோவதாக ஆசிரியர் வகுப்பில் அறிவித்தார். அவளும் தன் பேனாவில் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தாள். 'பேனாக்கள் மட்டும் பழனிக்கு' என்று காலண்டரில் அந்த ஞாயிறுக்கு நேரே நானும் எழுதிவைத்தேன்.

இப்போது வாசலில் மொட்டைகள். நாற்காலியை நானே உள்ளே தள்ளிப் போனேன். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் தோழி, சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் வருபவள், எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நீயும் போனியா?" என்றாள் மகள்.

"சார் சத்தியம் வாங்கிட்டாருடி. நீ பாத்ரூம் போயிருந்தப்பத்தான் எங்ககிட்ட சொன்னாரு. தெரிஞ்சா நீ அழுவன்னு..."

"விஞ்ச்லயா போனீங்க?"

"இல்லடி, படியேறித்தான்." பிறகு, "எறங்குறப்ப மட்டும் விஞ்ச்" என்றாள்.

ஆசிரியர் வந்தார். என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"சொல்லோணும்னுதான் இருந்தேனுங்க சார். கூட்டத்துல பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா நான் யாருக்குங்க பதில் சொல்றது? மனசு நோகக்கூடாதுன்னுதான் யாரும் போகலைன்னு சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நானும் கூட வந்திருப்பேனே."

"கேட்டா வர்றேன்னு சொல்லிப்போடுவீங்களேன்னுதானுங்க கேக்கல."

அவர் அதைப் பணிவாகத்தான் சொன்னார். அவர் உடைத்துக் கட்டிய சரிவு, உயர்த்திய மேசை எல்லாம் என் கண்முன் இருந்தன. அவற்றைச் செய்த அதே மனிதர், ஒரு வகுப்பு முழுவதையும் உட்காரவைத்து, என் மகளிடம் எப்படிப் பொய் சொல்வது என்று பழக்கியிருக்கிறார். வேறு யாராவது செய்திருந்தால் கோபத்தோடு போயிருக்கும். அன்று எனக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை.

அவர் வகுப்புக்குள் போய், விபூதிப் பொட்டலத்தோடு பேனாவை அவளிடம் நீட்டினார்.

"சார், என் பேனா யார் பையில இருந்துச்சு?"

"எம்பையிலதான் கண்ணு. பத்திரமா வெச்சிருந்தேன்."

அவள் வாங்கி, ஒட்டியிருந்த சந்தனத்தைத் துடைத்துப் பெட்டியில் போட்டாள். அதன்பின் தோழியிடம் பாடத்தைத் தவிர எதுவும் பேசியதாகத் தெரியவில்லை.

பங்குனியில் முதல் தேர்வு. தேர்வு மையமும் அதே பள்ளிதான். ஆட்டோவில் போகும்போது, எந்தப் பேனா எடுத்து வந்தாய் என்று கேட்டேன்.

"அதேதான்ப்பா. அதாச்சும் போயிட்டு வந்துச்சே."

ஆசிரியர் வழக்கம்போலச் சாய்தளத்தின் அடியில் காத்திருந்தார். கைப்பிடியைப் பிடிக்கப் போனார்.

"வேணாம் சார். நானே ஏறிக்கிறேன்."

சக்கரங்களைத் தன் கையாலேயே உருட்டி ஏறினாள். பாதியில் மூச்சு வாங்க நின்றாள். அவர் ஓரடி எடுத்து வைத்தார். அவள் பிரேக்கைப் போட்டுக்கொண்டாள். அவர் அங்கேயே நின்றார். செத்த நேரம் கழித்து பிரேக்கை விடுவித்து மறுபடி உருட்டினாள். முன்பிருந்த செங்குத்தில் அவளால் அது முடிந்திருக்காது. நீளமாக இழுத்துப் போடவைத்த சரிவில் முடிந்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.